மார்பளவு நீரும் முழங்காலளவு நீரும்

நீச்சல் குளத்தில் மார்பு நனைய நின்றுகொண்டு மணிக்கணக்கில் அரட்டை அடிக்கலாம். அதே ஆளை, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பின்சந்திலோ கிள்ளானில் ஏதாவது ஒரு தாமான் குடியிருப்பின் ஓரத்திலோ, அடைமழையில் ஓடும் லோங்காங் என்னும் வடிகாலில் முழங்கால் அளவு நீரில் இறக்கிவிட்டால் சில நொடிகள் தாக்குப்பிடிப்பதே பெரிது. குளத்தில் ஆழம் அதிகம், லோங்காங்கில் குறைவு. ஆனாலும் ஆளை அடித்துக்கொண்டு போவது லோங்காங்தான். ‘முழங்கால் தண்ணிதானே’ என்று விழுந்த செருப்பை எடுக்கவோ, குப்பை அடைப்பை நீக்கவோ இறங்குகிறவர்கள் ஆழத்தை மட்டும் பார்த்து ஆபத்தை அளக்கிறார்கள். அந்த அளவுகோலே தவறு என்பதுதான் இந்தக் கட்டுரை.

நீர் நம் உடலை இரண்டு விதமாகக் கையாள்கிறது. ஒன்று, மேலே தூக்குகிறது. இதை மிதப்பு விசை என்கிறோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் மார்பளவு நீரில் நிற்கும்போது அவருடைய பாதம் தரையை அழுத்துவது ஏறக்குறைய 20 கிலோ எடையோடுதான். மீதியை நீர் சுமக்கிறது. தரையில் பிடிமானம் மிகவும் குறைந்திருந்தாலும் அவர் விழுவதில்லை, ஏனென்றால் நிற்கும் நீரில் அவரைத் தள்ளுவதற்கு எதுவும் இல்லை.

ஓடும் நீர் தூக்குவதோடு தள்ளவும் செய்கிறது. இங்கேதான் நம் உள்ளுணர்வு ஏமாறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசையும் இரண்டு மடங்காகும் என்று நினைப்போம், நான்கு மடங்காகிறது. நீர் இரண்டு மடங்கு வேகத்தில் வந்தால், ஒரு நொடியில் காலில் வந்து மோதும் நீரின் அளவு இரண்டு மடங்கு. மோதும் ஒவ்வொரு துளியின் வேகமும் இரண்டு மடங்கு. இரண்டும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்கின்றன.

தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரை மீட்டர் ஆழமுள்ள நீரில் இரண்டு கால்களோடு ஒருவர் நிற்கிறார். நீர் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில், அதாவது நாம் நிதானமாக நடக்கும் வேகத்தில் ஓடினால், கால்களை ஏறத்தாழ 7 கிலோ எடைக்குச் சமமான விசை தள்ளும். சமாளிக்கலாம். வேகம் 2 மீட்டரானால் 28 கிலோ. 3 மீட்டரானால் 63 கிலோ. எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது? 60 கிலோ ஆளின் நனைந்த கால்களை நீர் சுமப்பதில் ஆறேழு கிலோ போய்விடும். மிச்சமுள்ள எடையில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் ஈரமான சிமெண்டுத் தரை பிடிமானம் தரும். அது 21 கிலோ. பாசி படிந்திருந்தால் அதில் பாதிகூடக் கிடைக்காது. ஆக, ஓட்டமாக நடக்கும் ஒருவரின் வேகத்தில் நீர் வந்தாலே, முழங்கால் ஆழத்தில் பாதம் வழுக்கத் தொடங்கிவிடும்.

இது தாளில் போட்ட கணக்கு. உண்மையான மனிதர்களை வைத்துச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. 1973இல் ஆஸ்திரேலியாவில் ஃபாஸ்டர், காக்ஸ் என்ற இரு பொறியாளர்கள் சிறுவர்களைச் சோதனைக் கால்வாயில் நிற்கவைத்து, எந்த ஆழத்தில் எந்த வேகத்தில் அவர்கள் நிலைகுலைகிறார்கள் என்று பதிவு செய்தார்கள். 1989இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெரியவர்களை வைத்து இதே சோதனை நடந்தது. தரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்: புல், சிமெண்டு, சரளை, இரும்பு. 2000ஆம் ஆண்டையொட்டி பின்லாந்தில் செய்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. கப்பல் மாதிரிகளைச் சோதிக்கும் நீண்ட தொட்டி ஒன்றில், அசையாத நீருக்குள், மனிதர்கள் நின்ற மேடையை இழுத்துச் சென்றார்கள். நீர் ஓடி வந்து காலில் மோதினாலும், கால் ஓடிப்போய் நீரில் மோதினாலும் விசை ஒன்றுதானே! ஓடும் நீரை உருவாக்கும் செலவும் மிச்சம், வேகத்தையும் துல்லியமாக நிறுத்திப் பிடிக்கலாம்.

இந்தச் சோதனைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த ஆஸ்திரேலியப் பொறியாளர்கள் 2010இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். அதன் மையத்தில் இருப்பது ஒரே ஓர் எண்: நீரின் ஆழத்தை மீட்டரிலும் வேகத்தை நொடிக்கு மீட்டரிலும் எடுத்துப் பெருக்கி வருவது. இதை ‘ஆழவேகம்’ என்று அழைத்துக்கொள்வோம். பெரியவர்களுக்கு ஆழவேகம் 0.6 வரை ஆபத்து குறைவு. 0.8ஐத் தாண்டினால் பயிற்சி பெற்ற மீட்புப் பணியாளர்களே வேலை செய்யக்கூடாத எல்லை வந்துவிடுகிறது. சிறுவர்களுக்கு 0.4. நாம் மேலே பார்த்த அரை மீட்டர் ஆழம், 2 மீட்டர் வேகம் என்ற நீரின் ஆழவேகம் 1.0. தாளில் போட்ட கணக்கும் தொட்டியில் செய்த சோதனையும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

சோதனைக்கு வந்தவர்கள் ஆரோக்கியமானவர்கள், நீர் வரப்போகிறது என்று தெரிந்து காலை ஊன்றி நின்றவர்கள், பாதுகாப்பு ஏற்பாடும் இருந்தது என்பதை மறக்கக்கூடாது. இருட்டில், பழுப்பு நீரில், கையில் பள்ளிப்பையோடு நடப்பவருக்கு எல்லை இன்னும் கீழே.

அந்த வழிகாட்டியில் என்னை உலுக்கிய வரி குழந்தைகளைப் பற்றியது. உயரத்தை மீட்டரிலும் எடையைக் கிலோவிலும் பெருக்கி வரும் எண் 25ஐத் தாண்டாத குழந்தைக்கு, ஓடும் நீரில் ‘பாதுகாப்பான அளவு’ என்று எதுவுமே கிடையாது. ஆறு வயதுப் பிள்ளை ஒன்று 1.1 மீட்டர் உயரம், 20 கிலோ எடை என்று வைத்தால் பெருக்கம் 22. பாலர் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் பெரும்பாலோரும், ஒன்றாம் ஆண்டு மாணவர்களில் பலரும் இந்தக் கோட்டுக்கு உள்ளேதான் வருகிறார்கள்.

சரி, நம் லோங்காங்கில் ஆழவேகம் எவ்வளவு இருக்கும்? எடுத்துக்காட்டுக்கு, கிள்ளானில் 10 ஹெக்டர் பரப்புள்ள ஒரு தாமான். டெரஸ் வீடுகள், தார்ச்சாலை, கார் நிறுத்த சிமெண்டு போட்ட முன்வாசல்கள். மணிக்கு 100 மில்லிமீட்டர் வீதத்தில் மழை கொட்டுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் பிற்பகல் இடிமழைக்கு, சிறிது நேரத்துக்கு, இந்த வீதம் அசாதாரணம் அல்ல. விழும் நீரில் பத்தில் ஒன்பது பங்கு மண்ணுக்குள் போகாமல் ஓடினால், தாமானின் கடைசியில் நொடிக்கு 2.5 கன மீட்டர் நீர், அதாவது இரண்டரை டன், ஒரே வாய்க்காலில் வந்து சேரும். அந்த வாய்க்கால் ஒன்றரை மீட்டர் அகலம், லேசான சரிவு, வழவழப்பான சிமெண்டு என்றால் நீர் ஏறக்குறைய 83 சென்டிமீட்டர் ஆழத்தில், நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடும். ஆழவேகம் 1.66. மீட்புப் பணியாளரின் எல்லையைப் போல் இரு மடங்கு. இத்தனைக்கும் இது வெள்ளம் அல்ல. லோங்காங் கரை தாண்டவில்லை, யார் வீட்டுக்குள்ளும் நீர் புகவில்லை. வடிவமைத்தவர் கண்ணில் அது தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது.

நீரைக் கூடிய சீக்கிரம் வெளியே தள்ளுவதுதான் அந்த வேலை. வடிகால் நீர்ப்பாசன இலாகா, நாம் ஜே.பி.எஸ் என்று சொல்லும் இலாகா, 1975இல் வெளியிட்ட நகர வடிகால் நெறிமுறையின் அடிப்படையே விரைவாக வெளியேற்றல். காரணமும் உண்டு. 1971 ஜனவரியில் கோலாலம்பூர் மூழ்கிய நினைவு ஆறாத காலம் அது. தேங்கினால் கொசுவும் வரும். எனவே கால்வாய்கள் நேராக்கப்பட்டன, சிமெண்டு பூசப்பட்டன, வளைவும் புல்லும் போயின. நீரின் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தவை அவைதான். கிள்ளான் ஆறே நகருக்குள் பெரும்பகுதி சிமெண்டுக் கரைக்குள் ஓடுகிறது.

வேகமான வடிகாலுக்கு இன்னொரு குணம்: முன்னறிவிப்பு தராது. மலையோரக் காட்டில் பெய்த மழை ஓடைக்கு வர மணிக்கணக்கு ஆகலாம். சிமெண்டுத் தாமானில் உச்ச ஓட்டம் கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். நம் ஊர் இடிமழையோ ஊர் முழுக்கப் பெய்வதில்லை. பத்து மலைப் பக்கம் வானம் கறுத்திருக்கும், பிரிக்பீல்ட்ஸில் வெயில் அடிக்கும். கால்வாய்க்குள் மீன் பிடிக்கும் பையன்களுக்குத் தலைக்கு மேல் இருக்கும் வானம்தான் வானிலை அறிக்கை. மேட்டிலிருந்து வரும் நீருக்கு அந்த வானத்தோடு சம்பந்தமில்லை.

விழுந்தவர் ஏன் ஏறிவர முடிவதில்லை? செங்குத்துச் சுவர், பாசி, பிடிக்க ஒரு பிடியும் இல்லாத சிமெண்டு. நீரோடு ஓடும்போது சுவர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் கைக்கு எதிராக நழுவுகிறது. அதைவிடக் கொடியது, வாய்க்கால் சாலைக்கு அடியில் குழாயாக நுழையும் இடம். சமையலறைத் தொட்டி நிறைய நீர் இருக்கும்போது அதன் அடைப்பானை இழுத்துப் பாருங்கள். சிறு ரப்பர் துண்டுதான், ஆனால் பிடிவாதம் பிடிக்கும். மேலே நீர் அழுத்துகிறது, கீழே வெறுமை. சாலையடிக் குழாயின் வாயில் 60 சென்டிமீட்டர் விட்டத்தை ஓர் உடல் அடைத்துக்கொண்டு, இந்தப் பக்க நீர்மட்டம் அந்தப் பக்கத்தைவிட 1 மீட்டர் உயர்ந்தால், உடலை அழுத்தும் விசை ஏறக்குறைய 280 கிலோ. கரையில் நான்கு பேர் நின்று இழுத்தாலும் வராது.

அங்கே ஒரு கம்பி வலை போட்டுவிட்டால் போதாதா? செங்குத்தாகப் போட்டால் குழாய்க்குப் பதில் வலையில் ஆள் ஒட்டிக்கொள்வார், அவ்வளவுதான். அமெரிக்காவில் டென்வர் நகர வடிகால் பொறியாளர்கள் இதற்குச் சொல்லும் வழி எளிமையானது: வலையைப் படுத்தவாக்கில் சரித்து வை, குழாய் வாயைவிடப் பல மடங்கு பெரிதாக வை. பரப்பு பெருகுவதால் ஒவ்வோர் இடத்திலும் நீரின் வேகம் குறையும். சரிவு இருப்பதால் நீரே ஆளை மேல்நோக்கித் தள்ளும். குப்பை அடைப்பும் அப்படியே மேலே ஏறும். பராமரிப்பு கேட்கும் ஏற்பாடு இது. மழைக்கு முன் சுத்தம் செய்யாவிட்டால் தாமானுக்குள் நீர் புகும். நம் ஊராட்சி மன்றங்கள் தயங்குவதற்கு இந்தப் பராமரிப்புச் சுமை முக்கியக் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

மீட்பது எவ்வளவு கடினம் என்பதற்கு 2018 அக்டோபர் 3 ஒரு சான்று. பூச்சோங் அருகே தாமான் புத்ரா பெர்டானாவில், கைவிடப்பட்ட ஈயக்குட்டை ஒன்றில் விழுந்த 17 வயது இளைஞனைத் தேடப் போன, தீயணைப்புத் துறையான பொம்பாவின் வீரர்கள் ஆறு பேர் ஒரே இரவில் இறந்தார்கள். அனைவரும் நீர் மீட்புப் பயிற்சி பெற்றவர்கள். ஒரே கயிற்றில் தங்களைப் பிணைத்துக்கொண்டு இறங்கியவர்கள். மழையால் வேகமெடுத்துச் சுழன்ற நீர் அவர்களை ஒன்றாக இழுத்துக்கொண்டது. குட்டை, அணை, மதகு எதுவானாலும், நீர் ஒரு விளிம்பைத் தாண்டி விழும் இடத்துக்குக் கீழே மேற்பரப்பு நீர் பின்னோக்கி, விழும் நீரின் பக்கமே திரும்பி ஓடும். மிதக்கும் எதையும் அது மீண்டும் மீண்டும் உள்ளே இழுக்கும். அந்த நுரையில் காற்றுக் குமிழிகள் கலந்திருப்பதால் நீரின் அடர்த்தியும் குறைகிறது. மிதப்பும் அந்த அளவுக்குக் குறைகிறது. அங்கே நீச்சல் திறமைக்கு வேலை மிகக் குறைவு. கயிறோ கம்போ காலித் தோம்போ வீசலாம், 999ஐ அழைக்கலாம், நாம் இறங்கக் கூடாது என்று பொம்பா திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பின்னால் இந்த இயற்பியல் இருக்கிறது.

நேரமும் நம் பக்கம் இல்லை. நியூயார்க்கில் உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா என்பவர் 1970களில் நீரில் மூழ்குகிறவர்களை உண்மையாகவே படம் பிடித்துப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தார். சினிமாவில் வருவதுபோல் அவர்கள் கத்துவதில்லை, கையசைப்பதில்லை. வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும் கணத்தில் மூச்சுவிடத்தான் நேரம், குரலெழுப்ப இல்லை. கைகள் இருபுறமும் நீரை அழுத்தப் பார்க்கும். இதெல்லாம் 20 முதல் 60 நொடிக்குள். ‘சத்தமே கேட்கவில்லையே’ என்று பெற்றோர் அழும்போது அவர்கள் பொய் சொல்லவில்லை, அலட்சியமாகவும் இருந்திருக்க வேண்டியதில்லை. சத்தம் வரவே வராது.

நீரை வேகமாக விரட்டுவதுதான் சிக்கலின் வேர் என்றால், மெதுவாக்கலாமே? அதைத்தான் ஜே.பி.எஸ் 2000இல் வெளியிட்ட மஸ்மா என்னும் நகர மழைநீர் கையேடு சொன்னது. 2001 முதல் நடைமுறைக்கு வந்த அது, 2012இல் திருத்தப்பட்டது. விழுந்த இடத்திலேயே நீரைப் பிடித்து வை, மெல்ல விடு என்பது அதன் சாரம். 2007இல் திறந்த 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கமும் பெருவெள்ளத்தை நகர மையத்துக்கு வெளியே திருப்பி, தாமான் டேசா பக்கத்துக் குளத்தில் கொண்டுபோய்த் தேக்கத்தான் செய்கிறது. புதிய தாமான்களில் தேக்கக் குளங்கள் வந்தது இப்படித்தான். ஆழவேகம் குறைந்தது, ஆழம் கூடியது. ஓடும் ஆபத்து நிற்கும் ஆபத்தானது. அதனால்தான் குளக்கரையின் சரிவு மிதமாக இருக்க வேண்டும், விளிம்பை ஒட்டி நீருக்கடியில் ஆழம் குறைந்த அகலப் படி இருக்க வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்கிறார்கள். தடுமாறி விழும் பிள்ளை எழுந்து நிற்க அந்தப் படிதான் இடம். பழைய ஈயக்குட்டைகளுக்கு இப்படி ஒரு படி இல்லை. கரையிலிருந்து இரண்டு அடி வைத்தால் பாதாளம்.

இனி தடுப்புக்கு வருவோம். ‘பஹாயா’ (ஆபத்து) என்று சிவப்பில் எழுதிய பலகை நம் தாமான்கள் பலவற்றில் இருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளை படிக்குமா? வேலி பிள்ளையின் படிப்பை நம்பியிருப்பதில்லை. அது உண்மையிலேயே பலன் தருகிறதா என்பதை, வேலியுள்ள வீட்டையும் இல்லாத வீட்டையும் சீட்டுக் குலுக்கிப் போட்டுச் சோதிக்க முடியாது. அறம் இடம் கொடுக்காது. எனவே ஆய்வாளர்கள் பின்னோக்கிப் போனார்கள். குழந்தை மூழ்கிய வீட்டு நீச்சல் குளங்களையும், மூழ்காத வீட்டு நீச்சல் குளங்களையும் எடுத்து, எதில் எப்படிப்பட்ட வேலி என்று ஒப்பிட்டார்கள். தாம்ப்சன், ரிவாரா இருவரும் 1998இல் இந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது தெரிந்தது: குளத்தை நான்கு புறமும் தனியே சுற்றிய வேலி, மனையை மட்டும் சுற்றிய மூன்று புற வேலியைவிட மூழ்கும் ஆபத்தை 83 விழுக்காடு குறைக்கிறது. வேலிக்கு எல்லாம் ஒரே சிமெண்டு, ஒரே கம்பிதான். ஒரு பக்கம் திறந்திருப்பதுதான் வித்தியாசம்.

வங்கதேசத்தில் இன்னொரு வகைத் தடுப்பைச் சோதித்தார்கள். ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் அதிகம் மூழ்குவது காலையில், தாய் வீட்டு வேலையில் இருக்கும் நேரத்தில் என்று கண்டு, அந்தச் சில மணி நேரத்துக்கு மட்டும் ஊர்ப் பெண் ஒருவர் பார்த்துக்கொள்ளும் பாலர் காப்பகங்களை நடத்தினார்கள். அங்கே வந்த பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வழிகளில் வேலி, இந்தக் காப்பகம் இரண்டும் உண்டு.

லோங்காங்கை ஒரேயடியாக மூடிவிடலாமே என்பார்கள். மூடினால் தூர்வாருவது கடினம், உள்ளே அடைப்பு இருப்பது தெரியாது, ஏடிஸ் கொசுவுக்கும் இருட்டறை கிடைக்கும். இரும்பு மூடி போட்டால் பழைய இரும்புக்காரரிடம் போய்ச் சேர்கிறது. ஆழமான இடத்தில் கைப்பிடிக் கம்பி, நடைபாதை ஓரத்தில் கழற்ற முடியாத சிமெண்டு மூடி என்று இடத்துக்கேற்பக் கலந்து செய்வதே நடக்கும் காரியம். கம்பியோ கம்பமோ இருந்தால் இன்னொரு பயன்: 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதுபோல் வெள்ளம் வரும்போது, சாலையும் வாய்க்காலும் ஒரே பழுப்பு நிறத்தில் மறைந்துவிடுகின்றன. நீரில் நடப்பவருக்கு வாய்க்காலின் விளிம்பைக் காட்ட நிமிர்ந்து நிற்கும் ஏதாவது ஒன்று வேண்டும். நாடு முழுதும் ஐம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற வெள்ளம் அது.

மூன்று புற வேலி, நான்கு புற வேலி கணக்கை நம் டெரஸ் வீட்டில் வைத்துப் பாருங்கள். முன்னால் பூட்டிய இரும்புக் கதவு. இருபுறமும் அண்டை வீட்டோடு சேர்ந்த சுவர். பின்னால் சமையலறைக் கதவு, அதைத் திறந்தால் பின்சந்து, நான்கு எட்டில் லோங்காங். ஆய்வாளர்களின் மொழியில் இது மூன்று புற வேலி போட்ட வீடு. குக்கரின் விசிலைக் கேட்டுக்கொண்டே காற்றுக்காகத் திறந்து வைக்கும் அந்தக் கதவுதான் திறந்த நான்காம் பக்கம். ஆஸ்திரேலியக் குளவேலி விதி கேட்பவை இவை: உயரம் 1.2 மீட்டர், கம்பி இடைவெளி 10 சென்டிமீட்டருக்கு மேல் இல்லை, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு, தாழ்ப்பாள் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில். கடைசி இரண்டையும் சமையலறைப் பின்கதவின் கம்பிக் கதவில் செய்து தர, பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரருக்கு ஒரு பிற்பகல் போதும். குளியலறைத் தொட்டியும் துணி ஊறும் தோம்பும் இருக்கும் அறைக் கதவுக்கும் அதே உயரத்தில் ஒரு தாழ்ப்பாளைச் சேர்த்தே போடச் சொல்லலாம். தலைப்பாரம் மிகுந்த ஒரு வயதுப் பிள்ளை கவிழ்ந்தால் எழ முடியாமல் போக, அரை வாளி நீர் போதும்.